கல் உதைத்த கனவான்

அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் இந்தச் சிவப்புப் பாறைப் பூங்காவில் பத்தொன்பது வருடமாக ரேஞ்சர் வேலை பார்க்கிறேன். ரப்பர் செருப்போடு மலையேற வருகிறவனைக்கூட மன்னித்துவிடுவேன். எல்லாம் தெரிந்த முட்டாளைத்தான் என்னால் சகிக்க முடியாது. கேரிக் அந்த ரகம்.

காலையில் என் மேஜை முன் நின்று, இயற்கையில் மனிதக் கை படவே கூடாது என்று எனக்கே கால்மணி நேரம் பாடம் எடுத்தார். எங்கே கல் குவியலைக் கண்டாலும் உதைத்துத் தள்ளிவிடுவாராம். அவர் மனைவி டெல்ஃபின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மொட்டைப் பாறையில் கால்தடம் விழாது, உச்சியிலுள்ள வளைவுப் பாறைக்கு நாங்கள் அடுக்கிய கற்கள்தான் வழி காட்டும், அவற்றைத் தொடாதீர்கள் என்றேன். தலையாட்டினார். காதில் வாங்கவில்லை.

மூன்று மணிக்கு டெல்ஃபின் மட்டும் திரும்பி வந்தாள். முகம் வெந்து சிவந்திருந்தது.

"ஏறுறப்ப எல்லாத்தையும் உதைச்சுட்டே போனாரு. நான் பின்னாடியே மூணு மூணு கல்லா எடுத்து வச்சேன். அதப் பாத்துத்தான் இறங்கினேன். படம் எடுத்துட்டு வர்றேன், நீ போன்னாரு. ரெண்டு மணி நேரமாச்சு. அவர்கிட்ட அரை பாட்டில் தண்ணிதான் இருக்கு."

வெயில் நூற்றெட்டு டிகிரி. அவளுடைய மூன்று கற்களைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். உச்சிக்குக் கீழே இரண்டு இடத்தில் அவை சிதறிக் கிடந்தன. அங்கிருந்து கேரிக் தப்பான பள்ளத்தில் இறங்கியிருந்தார். ஒரு பாறை நிழலில், உதடு வெடித்து, ஆனால் உயிரோடு கிடந்தார். பாவம் என்று தோன்றியது. தண்ணீர் குடித்ததும் அவர் வாயைத் திறந்தார், அந்த இரக்கம் போய்விட்டது.

"எவனோ மறுபடியும் அடுக்கி வச்சிருக்கான் மேடம். தள்ளிவிட்டுத்தான் வந்தேன். பிடிச்சு அபராதம் போடுங்க."

அவர் எடையில் பாதியைத் தோளில் சுமந்து இறக்கினேன். கீழே அதே புகாரை மனைவியிடமும் சொன்னார்.

"அது நான் வச்சது," என்றாள் டெல்ஃபின்.

அவள் என் பக்கம் திரும்பி, நாளைக்குக் கல் அடுக்க ஆள் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன். தானும் வருவதாக அவர் மெல்ல முனகினார்.

"நீங்க வேணாம் கேரிக்," என்றேன். "நீங்க வந்தா, பின்னாடியே அடுக்கிட்டு வர இன்னொரு ஆளு வேணும்."