முன்னால் போகிறவர்

இரண்டு காலிலும் சுளகைக் கட்டிவிட்டது போல அகலச் சப்பாத்து, தூக்கி வைத்தால் பொதுக்கென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை, வெள்ளை, எங்கும் வெள்ளை, தவமலர் நடக்கிறாள், குளிர்கிறதா என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை, பனியில் நடக்கவென்றே லீவு போட்டு மலை ஏறுகிற சனத்தை இந்தச் சுவிஸில்தான் பார்க்கலாம், விடிய எழும்பி ஆஸ்பத்திரி துடைக்கப் போன காலத்திலும் இதே பனிதானே, அதை ஒருவரும் பொழுதுபோக்கு என்று சொல்லவில்லை. புதுசாப் பழகிற ஆக்களுக்கான லேசான நடைதான் அம்மா, வீட்டுக்குள்ளையே அடைஞ்சு கிடக்காதையுங்கோ, என்று மகள் லக்சிகா இழுத்து வந்துவிட்டாள், பாவம், அவளுக்குப் பயம், புருசன் குணரத்தினம் செத்து இரண்டு மாதமாகியும் தாய் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, செத்தவீட்டில் மச்சாள்காரி காதுபடவே சொன்னாள், கல்லு மனிசி, தவமலருக்குக் கோபம்கூட வரவில்லை, வந்திருந்தால் நல்லாயிருக்கும், ஏதாவது ஒன்று வந்தாலே போதும்.

முன்னால் போகிறவரின் தடத்தில் கால் வைத்தால் சரி என்று வழிகாட்டிப் பெட்டை சொன்னாள், லக்சிகா தமிழில் சொன்னாள், இதையெல்லாம் இவளுக்கா சொல்லித்தர வேணும், கலியாணம் முடிந்து நல்லூர்க் கோயிலுக்குப் போன அன்றே அவர் முன்னே, இவள் பின்னே, இஞ்சாருங்கோ, கொஞ்சம் மெல்லப் போங்கோ, கெதியா வாருமப்பா, பூசை முடியப்போகுது, பிறகு அது சூரிச் விமான நிலையம், பிறகு பேர்ன் ரயிலடி, கைக்குழந்தை லக்சிகாவைத் தோளில் போட்டபடி அவர் முன்னே, பைகளோடு இவள் பின்னே, அவர் முகத்தைவிட முதுகுதான் நல்ல ஞாபகம், இடது தோள் சற்று இறங்கிய முதுகு, அதைப் பார்த்தபடியே இந்த நாடு முழுக்க நடந்திருக்கிறாள்.

வரிசை நிற்கிறது. ஒவ்வொருவரும் கொஞ்சத் தூரம் முன்னால் போய்ப் புதுத் தடம் போட்டுப் பழக வேண்டுமாம், அம்மா, இப்ப உங்கடை முறை, என்னாலை ஏலாது பிள்ளை, ஏலும், நேரா நடவுங்கோ, தவமலர் எல்லோரையும் தாண்டி முன்னுக்கு வந்தாள், ஒரு காலடி கூடப் படாத சரிவு, இரண்டு எட்டு வைத்தாள், பிறகு ஒதுங்கி, ஒடுங்கிய ஒழுங்கையில் நிற்பது போல ஓரமாக நின்றாள். பின்னால் வந்த வெள்ளைக்காரரும் மரியாதையாக நின்றார்கள், ஒருவரும் அவளைக் கடந்து போகவில்லை, ஏனம்மா நிக்கிறியள், வழி விட்டு நிக்கிறன் பிள்ளை, அப்பா முன்னுக்குப் போகட்டும்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. லக்சிகா கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தவமலர் சரிவைப் பார்த்தாள், முதுகு இல்லை, இஞ்சாருங்கோ என்றாள், பிறகு உரத்து, ஐயோ இஞ்சாருங்கோ, பனியில் முழங்கால் குத்தி விழுந்தாள், மகள் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள், அழுங்கோ அம்மா, அழுங்கோ, எந்த ரோட்டையும் என்னை விட்டிட்டுக் கடக்காத மனிசன் பிள்ளை, திரும்பிப் பாக்காட்டிலும் நான் வருமட்டும் கரையிலை நிப்பார், இந்த முறை நில்லாமல் போட்டாரடி.