முந்திக்கொண்ட கை

ஜெயிக்க வேண்டிய செஸ் ஆட்டத்தை அன்றைக்கும் நேரம் தீர்ந்துபோய்த் தோற்றான் லிங்கராஜ். அவனிடம் ஒரு யானையும் இரண்டு சிப்பாய்களும் அதிகம் இருந்தன. எதிராளியின் ராஜா மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. எதை நகர்த்தலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் திரையில் கடிகாரம் சிவந்து பூஜ்யமாகிவிட்டது. துறைமுக கேன்டீனில் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ஸ்டெபின் எட்டிப் பார்த்துச் சிரித்தான். கன்டெய்னர் யார்டில் லிங்கராஜ் கிரேன் ஓட்டுகிறவன். ஸ்டெபின் கீழே நின்று வாக்கி-டாக்கியில் சிக்னல் சொல்கிறவன். இந்த ஆட்டத்தைப் போனில் ஏற்றிக் கொடுத்ததும் அவன்தான்.

"ஒரு நிமிச ஆட்டத்துல யோசிச்சா எப்படிலே? மூளையக் கழத்தி வச்சிட்டு, கைய அதுபாட்டுக்கு விடு."

விட்டுப் பார்த்தான். முதலில் குதிரைகளாகப் பறிகொடுத்தான். பிறகு எதிராளி நகர்த்தும் முன்பே பதிலை வைத்துவிடும் வித்தை பிடிபட்டது. எதிராளி நினைத்தபடியே ஆடிவிட்டால் இவன் கடிகாரம் அசையவே அசையாது. போகப்போக முத்தையாபுரம் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே உப்பளங்களைப் பார்த்தபடியே ஆடினான். திரும்பிப் பார்த்தால் ஜெயித்திருப்பான். ரேட்டிங் ஏறிக்கொண்டே போனது. முடிந்த ஆட்டங்களை ஓட்டிப் பார்க்கையில் வேறு யாரோ ஆடியதுபோல இருக்கும். அந்தக் குதிரையை ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தோம் என்பது நாலு நகர்த்தல் கழித்துத்தான் அவனுக்கே விளங்கும்.

ஒரு சாயங்காலம் மனைவி முருகேஸ்வரி அலமாரியிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தாள். டிவி பார்த்துக்கொண்டிருந்த லிங்கராஜின் வலது கை நீண்டு, அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை விரிந்தபடி நின்றது. என்ன இது என்று இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் பாட்டில் அவள் கையிலிருந்து நழுவியது. அவன் உள்ளங்கையில் வந்து பொத்தென்று உட்கார்ந்தது.

"நல்லவேள," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நான் கீழ போடப்போறேன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள்.

"தெரியாதுளா."

அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டாள், அவன் விரலில் படாமல்.

அடுத்த வாரம், நல்ல உச்சி வெயிலில், கிரேன் கேபினில் உட்கார்ந்து கன்டெய்னர் பெட்டி ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தான். காலுக்கடியில் கண்ணாடித் தரை வழியாக இறக்க வேண்டிய இடம் வெறுமையாகத் தெரிந்தது. காற்றில்லை. பாதி இறங்கிய பெட்டி சட்டென நின்றது. வலது கை லிவரை இழுத்துப் பிடித்திருந்தது.

"இறக்கு, இறக்கு. கீழ யாரும் இல்ல," என்றது வாக்கியில் ஸ்டெபினின் குரல்.

லிங்கராஜ் இறக்கத்தான் நினைத்தான். கை நகரவில்லை. இடது கையால் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். இரும்பைப் பிரிக்கிற மாதிரி இருந்தது. அந்தரத்தில் பெட்டி லேசாக ஆடியது. என்ன கோளாறோ என்று கேட்க, பெட்டி அடுக்குகளின் சந்தில் எப்போதும் நிற்கும் இடத்தை விட்டு ஸ்டெபின் வெளியே வந்து மேலே பார்த்துக் கையசைத்தான். அந்த நேரத்தில் பின்பக்கமாக வந்த டிரெய்லர் ஒன்று அவன் நின்ற சந்துக்குள் நுழைந்து அடுக்கில் மோதி நின்றது. அவன் விட்டுவந்த பிளாஸ்டிக் ஸ்டூல் நொறுங்கும் சத்தம் வாக்கி வழியாகவே கேபினுக்குள் கேட்டது.

கை தளர்ந்தது.

இறங்கி ஓடியபோது ஸ்டெபின் கட்டிக்கொள்வான் என்றுதான் நினைத்தான். அவன் இரண்டடி தள்ளியே நின்றான்.

"டிரெய்லர் வந்தத மேலேருந்து பாத்தியா?"

"இல்லலே. அடுக்கு மறைச்சிருந்துச்சு."

"பொறவு எப்படி நிறுத்தின?"

"நான் நிறுத்தல. கை நின்னுட்டு."

ஸ்டெபின் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் வேறு கிரேனுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். "தப்பா நெனைக்காதலே. உசுரக் காப்பாத்திட்ட, இல்லங்கல. ஆனா அங்கன உனக்குக் கீழ நிக்கதுக்கு எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

கோபம் வரவில்லை லிங்கராஜுக்கு. அவனுக்கும் அதே பயம்தான். செஸ்ஸில் எதிரே ஒருவன் இருக்கிறான். அவன் வைக்கப்போவதற்குத்தான் இந்தக் கை முந்திக்கொண்டு பதில் வைக்கிறது. யார்டில் எதிரே உட்கார்ந்து ஆடியது யார்? பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் அந்த ஆட்டத்தைப் போனிலிருந்து அழித்தான். அழிக்கிற பொத்தானை இடது கையால்தான் அழுத்தினான்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கை சோற்றைப் பிசைந்தது, சட்டைப் பொத்தான் போட்டது, லிவரைத் தள்ளச் சொன்னால் தள்ளியது. மறந்துவிடலாம் என்று இருந்தது.

திங்கட்கிழமை காலை முருகேஸ்வரி ஸ்கூட்டரை வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்தாள். ஓட்டப்பிடாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை. சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டிவிட்டு விலகப் போனான் லிங்கராஜ். வலது கை வரவில்லை. ஸ்கூட்டரின் பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்தது.

"விடுங்க, நேரமாவுது."

தெருமுனையைத் தாண்டி, மெயின்ரோட்டில் லாரிகள் போகும் சத்தம் கேட்டது.

விளையாடுகிறான் என்று நினைத்து முருகேஸ்வரி சிரித்துக்கொண்டே அவன் சுண்டுவிரலைப் பிரித்தாள். பிறகு மோதிரவிரலை. நடுவிரலுக்கு வந்தபோது சுண்டுவிரல் மறுபடி மடங்கிப் பிடித்துக்கொண்டது. அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு நின்றுபோனது. ஸ்கூட்டர் இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.