இரண்டாவது பெயரின் மேல் இருந்த நட்சத்திரம்

1

இந்தக் கதை என்னுடைய ஒரு கவனக்குறைவில் பிறந்தது. கற்பனையில் பிறந்தது என்று மழுப்ப ஆசைதான். ஆனால் மனைவி பக்கத்து அறையில் இருக்கிறாள், விடமாட்டாள்.

வேதியியல் ஆய்விதழ் ஒன்றில் பிழை திருத்துவது என் வேலை. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. ஆய்வாளர்கள் அனுப்பும் கட்டுரைகளில் காற்புள்ளி, மேற்கோள் எண், படத்தின் அளவு எல்லாவற்றையும் சரிபார்த்து அச்சுக்கு அனுப்புவேன். சந்தேகம் வந்தால் பக்க ஓரத்தில் ஒரு கேள்வி போட வேண்டும். கட்டுரையை எழுதியவர் பதில் சொல்வார். கேட்காமல் எதிலும் கைவைக்கக் கூடாது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதை நீட்டி முழக்கிச் சொல்கிறவன் நான்தான்.

பதினெட்டு மாதங்களுக்கு முன் ஒரு கட்டுரை வந்தது. தலைப்புக்குக் கீழே நான்கு பெயர்கள். முதல் இரண்டு பெயர்களின் மேலும் நட்சத்திரக் குறி இருந்தது. 'நட்சத்திரமிட்ட இருவரின் பங்களிப்பும் சமம்' என்று அடிக்குறிப்பு. எங்கள் இதழில் நட்சத்திரம் என்றால் 'இவருக்குக் கடிதம் எழுதவும்' என்று பொருள், அதை ஒருவருக்குத்தான் போடுவோம். என் கை பழக்கதோஷத்தில் இரண்டாவது நட்சத்திரத்தை அழித்தது. அடிக்குறிப்பையும் எடுத்துவிட்டு எங்கள் வழக்கமான வரியைப் போட்டது. அவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேனா என்று கேட்டால்

(இந்த வாக்கியத்தை நான்கு முறை முடித்துப் பார்த்தேன். நான்கும் பொய்யாக வந்தன. அப்படியே விட்டுவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: 'அந்த ஆய்வுக்கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.' மழை பெய்ததா என்பது எனக்கு எப்படித் தெரியும்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: 'நகமும் சதையுமாக இரண்டு தோழிகள்.' இதுவும் தேய்ந்த செருப்புதான், ஆனால் உண்மை. வைத்துக்கொள்கிறேன்.

ஒருத்தி பொருள்களைத் தயாரிப்பாள், மற்றவள் அளப்பாள். கதைக்கும் அதுவே பெயராக இருக்கட்டும்: தயாரித்தவள், அளந்தவள். தண்ணீரில் கலந்திருக்கும் ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு வெள்ளைப் பொடி அவர்களுடைய கண்டுபிடிப்பு. தயாரித்தவள் இரண்டு வருடம் குடுவையும் அடுப்புமாகக் கிடந்து இருநூற்றுச் சொச்சம் முறை முயன்றிருக்கிறாள். கடைசியில் கிடைத்த பொடியும் ஈயத்தைத் தொடவில்லை. கொட்டிவிடலாம் என்று சொன்னாளாம். அளந்தவள்தான், இருடி, இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று பொடியை வெந்நீரில் கழுவிக் கழுவி அளந்தாள். பதினோராவது கழுவலில் தண்ணீரில் இருந்த ஈயம் காணாமல் போனது. உள்ளே ஒட்டியிருந்த ஏதோ ஓர் உப்பு அதுவரை வழியை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

யார் பெயர் முதலில் வருவது? இருவரும் நீ, நீ என்று தள்ளிவிட்டுக்கொண்டார்கள். கடைசியில் இரண்டு சீட்டு எழுதி, கழுவித் துடைத்த ஒரு முகவையில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள்.* தயாரித்தவளின் சீட்டு வந்தது. அதனால்தான் ஆளுக்கொரு நட்சத்திரம்.

* முகவை என்பது ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குவளை. கழுவித் துடைத்தது என்பதை அளந்தவள் இரண்டு முறை அழுத்திச் சொன்னதால் சேர்த்திருக்கிறேன்.

3

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன வெள்ளிக்கிழமை அளந்தவள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாள். எங்களை யாரும் அழைப்பதில்லை. நாங்கள் இருப்பதே பலருக்குத் தெரியாது.

"சார், என் பேருக்கு மேல ஒரு நட்சத்திரம் இருந்துச்சு. அது எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

குரலில் கோபம் இல்லை. குடையைத் தொலைத்தவர் கடைக்காரரிடம் விசாரிப்பதுபோலக் கேட்டாள். வரும் வியாழக்கிழமை அவளுக்கு ஒரு நேர்காணல். நிரந்தர ஆராய்ச்சி வேலை, வயது வரம்பில் இதுதான் கடைசி வாய்ப்பு. தேர்வுக்குழு முதல் பெயராக வந்த கட்டுரைகளை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். சமபங்கு என்று அச்சில் இருந்தால் இரண்டாவது பெயரும் முதல் பெயர்தான். இல்லாவிட்டால் அவள் கூடமாட உதவியவள், அவ்வளவே.

பதினெட்டு மாதம் ஏன் கேட்கவில்லை என்றேன். (எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ.)

"அவதான் எடுக்கச் சொல்லியிருப்பான்னு நினைச்சேன் சார். கேட்டா அசிங்கம்னு விட்டுட்டேன். இப்ப நாங்க பேசிக்கிறதில்ல."

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். கோப்பைத் திறந்தேன். அழிக்கப்பட்ட நட்சத்திரத்தின் பக்கத்தில் சிவப்பில் என் பெயரின் முதல் எழுத்துகள் நின்றன. ஓரத்தில் கேள்வி எதுவும் இல்லை.

4

இங்கே கதை கொஞ்சம் அலுவலகமாகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியான கட்டுரையைத் திருத்த இரண்டு வழி உண்டு. முதல் வழியில் கட்டுரை ஆசிரியர்கள் நால்வரும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று பேர் போட்டாயிற்று. தயாரித்தவளிடமிருந்து மட்டும் பதில் இல்லை. இரண்டு மின்னஞ்சல் போயிருக்கிறது.

ஆகவே அவளை எழுதிப் பார்த்தேன்.

வரைவு அ: தயாரித்தவள் மின்னஞ்சலைப் படிக்கிறாள், மெல்லச் சிரிக்கிறாள், மடிக்கணினியை மூடுகிறாள். (எழுத எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? பழியை இன்னொருத்தி தலையில் கட்டும்போது பேனா தானாக ஓடுகிறது.)

வரைவு ஆ: அவள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருக்கிறாள். மின்னஞ்சல் பார்க்க

(நிறுத்திவிட்டேன். பாவப்பட வைப்பதற்காக ஒருவரைப் படுக்கையில் தள்ளுவது எனக்கே பிடிக்கவில்லை.)

வரைவு இ: எனக்குத் தெரியாது. இதுதான் சரியான வரைவு. ஆனால் அளந்தவள் பதினெட்டு மாதமாக நம்பியிருப்பது வரைவு அ. அந்த வரைவுக்கு வேண்டிய காலி இடத்தைச் செய்துகொடுத்தவன் நான்.

5

இரண்டாவது வழி, பதிப்பகமே தன் பிழை என்று ஒப்புக்கொள்வது. அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். ஆனால் அச்சுக்கு முந்தைய படியை ஆசிரியர்களுக்கு அனுப்பி, 'சரி' என்று ஒப்புதல் வாங்கியிருந்தோம். ஒப்புதலுக்குப் பிறகு பொறுப்பு அவர்களுடையது என்பது எங்கள் விதி. அதை உடைக்க ஒரே வழி, திருத்துபவன் எழுத்தில் சொல்வது: இந்த மாற்றத்தை யாரையும் கேட்காமல் நானே செய்தேன்.

இந்த வருடம் ஏற்கெனவே என் கணக்கில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. மூன்றாவது வந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது சந்தேகம் என்று மேலாளர் பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். என் வயதில் வேறு நாற்காலி கிடைக்காது. எனவே நான் என்ன செய்தேன்? கதை எழுத உட்கார்ந்தேன். சனி, ஞாயிறு, திங்கள். இதுவரை நீங்கள் படித்ததெல்லாம் அந்த மூன்று நாள் வேலை.

திங்கள் மாலை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் நீதிமன்றத்தில் தட்டச்சர். நாள் முழுக்க அடுத்தவர்களின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்கிறவளிடம் எதையும் மூடி மறைக்க முடியாது. கடைசி வரை கேட்டாள்.

"ஏங்க, எங்க கோர்ட்டுல திருடனுங்ககூட இப்படிச் சுத்தி வளைக்க மாட்டாங்க. ரெண்டு வரி எழுதுறதுக்குப் பதிலா எட்டுப் பக்கம் எழுதியிருக்கீங்களே."

இது கதை, கலை, அதில் ஒரு கட்டமைப்பு இருக்கிறது என்று ஏதோ சொன்னேன். வியாழக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டாள். பிறகு, வேலை போனால் பார்த்துக்கொள்ளலாம், நானும் சம்பாதிக்கிறேன் இல்லையா என்று சொல்லிவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டாள். பத்தொன்பது வருடத்தில் நான் திருத்திய எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாக முடிந்ததில்லை.†

† வரைவு அ-வில் 'மெல்லச் சிரிக்கிறாள்' என்ற சொற்கள் மனைவியுடையவை. நான் 'கொடூரமாக' என்று போட்டிருந்தேன். பங்களிப்பைப் பதிவு செய்யச் சொன்னாள்.

6

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் அந்த இரண்டு வரியை எழுதினேன். ஆதாரமாக இணைக்க, கட்டுரையின் பழைய கோப்புகள் அத்தனையையும் இறக்கினேன். ஆசிரியர் ஒப்புதல் தந்த பக்கமும் அதில் இருந்தது. எல்லாக் கேள்விகளுக்கும் 'சரி' என்று தயாரித்தவள் பதில் போட்டிருந்தாள்.

அந்தப் பக்கத்தின் அடியில் 'பிற குறிப்புகள்' என்று ஒரு பெட்டி உண்டு. நாங்கள் அதைத் திறப்பதே இல்லை. நன்றி, அருமையான வேலை, அடுத்த வாரம் விடுப்பில் இருப்பேன், இப்படித்தான் அதில் எழுதுவார்கள். திருத்தம் இருந்தால் கேள்விக்குப் பதிலாக எழுத வேண்டும் என்பது முறை. ஆனால் கேள்வியே கேட்காத விஷயத்துக்கு எங்கே பதில் எழுதுவது என்று யாரும் யோசித்ததில்லை. நானும்தான்.

பெட்டியில் நான்கு வரிகள் இருந்தன.

'என் தோழியின் பெயர் மேல் இருந்த நட்சத்திரம் விடுபட்டுள்ளது. அவசியம் திரும்பப் போடவும். என் பெயர் முதலில் வந்தது சீட்டுக் குலுக்கியதால்தான். அவள் அளந்திருக்காவிட்டால் நான் அந்தப் பொடியைக் கொட்டியிருப்பேன்.'

நான் வரைவு அ எழுதிய கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. இதைவிட நல்ல வாக்கியம் தேடினேன், கிடைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வாக்குமூலத்தில் இன்னொரு வரி சேர்த்தேன்: கட்டுரை ஆசிரியர் திருத்தச் சொல்லியும் நான் படிக்கவில்லை. பதினொன்றரைக்கு அனுப்பினேன். இதழின் ஆசிரியர் மதியமே பதில் போட்டார். திருத்த அறிவிப்பு வெளிவரப் பத்து நாள் ஆகுமாம். அதற்குள் தேர்வுக்குழுவுக்கு அவர் கைப்படக் கடிதம் தருவாராம். மேலாளரும் எழுதியிருந்தார், திங்கட்கிழமை பேசலாம் என்று. முற்றுப்புள்ளி மட்டும் சரியான இடத்தில் இருந்தது.

7

அளந்தவளை அழைத்தேன். கடிதம் வரும் என்றேன். அழித்தது நான் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. பரவாயில்லை சார், எல்லாரும் மனுஷங்கதானே என்றாள். அதுவே சுருக்கென்று தைத்தது.

பிறகு அந்த நான்கு வரிகளைப் படித்துக் காட்டினேன்.

இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"எந்தத் தேதி சார் அது?"

சொன்னேன். கட்டுரை வெளிவருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு.

"பேப்பர் வந்த அன்னைக்கு அவ கேக் வாங்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தா. பெல் அடிச்சுக்கிட்டே இருந்தா. நான் உள்ளதான் இருந்தேன் சார். திறக்கல."

வைக்கட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டாள். வைத்துவிட்டாள்.

8

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அளந்தவள் உடனே தோழியை அழைக்கிறாள். இன்னொன்றில் அழைக்க விரல் வரவில்லை, நேர்காணல் முடிந்து வெளியே வரும்போது தயாரித்தவளே அழைக்கிறாள். மூன்றாவதில் இருவரும் ஒரே நேரத்தில் அழைத்து, இரண்டு பக்கமும் 'வேறொரு அழைப்பில் இருக்கிறார்' என்றே கேட்கிறது. மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. மனைவி, ரொம்ப சாமர்த்தியமா இருக்கு, நம்ப முடியல என்றாள்.

வேலை கிடைத்ததா, என் நாற்காலி தப்பியதா என்பதை நாள்காட்டி சொல்லிவிடும். இன்று புதன்கிழமை. ஆனால் அவர்களில் யார் முதலில் அழைத்தது என்பதை நாள்காட்டி சொல்லாது. நான்தான் எழுத வேண்டும். எழுதினால் மறுபடியும் ஒருத்தியை முன்னாலும் ஒருத்தியைப் பின்னாலும் வைக்க வேண்டியிருக்கும். அந்த வேலையை ஒருமுறை செய்து பார்த்துவிட்டேன். இனி நீங்கள் பாருங்கள்.