அத்தான் கடைசியாகக் கேட்டது

கலையின் சந்நிதியில் உயிர் பிரிவது மகான்களுக்கே வாய்க்கும். அத்தானுக்கு அது அருங்காட்சியகத்துக் கழிப்பறை வரிசையில் பிரிந்தது, முன்னால் இன்னும் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தபோது.

மருத்துவமனையில் கொடுத்த பாலிதீன் பையோடு மைத்துனன் மறுபடி அதே அருங்காட்சியகத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தான். பையில் மூக்குக்கண்ணாடி, பெல்ட், அத்தான் கழுத்தில் தொங்கிய விளக்கக் கருவி. ஓவியத்தின் எண்ணை அழுத்தினால் காதில் அதன் கதையைச் சொல்லும். அதற்கு ஈடாகத் தன் அடையாள அட்டையைக் கவுன்டரில் கொடுத்திருந்தார். அட்டை இல்லாமல் உடலைத் தரமாட்டார்கள். நாலரைக்குள் காட்டாவிட்டால் திங்கட்கிழமைதான். அதுவரை அக்கா பிணவறை வாசலில், இரும்பு நாற்காலியில்.

மைத்துனன் லிஃப்ட் மெக்கானிக். இந்தப் பழம்பெரும் நகரத்துக்கு அவனைக் கூட்டி வந்தது பெட்டி தூக்க. மூன்று நாளில் ஏழு அருங்காட்சியகம். ஒவ்வொன்றிலும் அத்தான் கைகளைப் பின்னால் கட்டி, தலையைச் சாய்த்து, பக்கத்தில் யாராவது வரும்வரை காத்திருந்து பெருமூச்சு விடுவார். "நீ வெளிய பெஞ்சுல உக்காருப்பா. இதெல்லாம் உனக்கு எங்க புரியப்போகுது" என்பார். ஊரில் அவர் கலை வட்டத்தின் துணைத் தலைவர். வட்டத்தில் மொத்தம் ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் துணைத் தலைவர்கள்.

"கையெழுத்துப் போட்டவர் நேர்ல வரணும் சார்" என்றாள் கவுன்டர்க்காரி.

"அவர் காலைல இறந்துட்டாரு மேடம். இங்கதான்."

"அடப்பாவமே." பதிவேட்டைப் புரட்டினாள். "அப்ப அவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துருங்க."

அவன் பையிலிருந்த மூக்குக்கண்ணாடியையும் பெல்ட்டையும் எடுத்துக் கவுன்டரில் வைத்தான். சொன்னது அவளுக்கே சற்றுத் தாமதமாக எட்டியது. அட்டையைத் தேடி எடுத்து நீட்டினாள்.

அதற்குள் அக்காவின் போன்.

"அட்டை கெடச்சிதாடா? சரி, அந்த மெஷின்ல கடைசியா என்ன கேட்டாருன்னு பாரு. வட்டத்துத் தலைவர் மூணு வாட்டி கூப்ட்டாரு. 'பேரழகைக் கேட்டபடியே கண் மூடினார்'னு நோட்டீஸ் எழுதிட்டாங்களாம். எந்தப் படம்னு மட்டும் போடணுமாம்."

கருவியை மறு காதில் வைத்து, அதில் கடைசியாக நின்றிருந்த எண்ணை அழுத்தினான்.

"வாங்க குட்டீஸ், நான்தான் அணில் அண்ணா. இந்தப் படத்துல எத்தனை குதிரை இருக்கு, எண்ணுவோமா?"

கவுன்டர்க்காரி கருவியின் மஞ்சள் ஒட்டுத்தாளைக் காட்டினாள். "இது ஆறுலேர்ந்து பத்து வயசு வரைக்கும் சார். பெரியவங்களுக்கு நீலம். அவர்தான் இத கேட்டு வாங்கினாரு, பேத்திக்குன்னு."

அத்தானுக்குப் பிள்ளையே கிடையாது. மூன்று நாளாகச் சேர்ந்திருந்த சிரிப்பு மைத்துனனுக்குத் தொண்டை வரை வந்து அங்கேயே நின்றது.

"என்னடா சொல்லுது?" என்றாள் அக்கா.

"ஒளி, நிழல்னு ஏதோ பெரிய விஷயமா போகுதுக்கா. ஒண்ணும் வெளங்கல."

"உனக்கு எங்க புரியப்போகுது" என்று அத்தானின் தொனியிலேயே சொன்ன அக்கா, காலையிலிருந்து முதல் முறையாக அழ ஆரம்பித்தாள்.

அவன் போனைக் காதிலேயே வைத்திருந்தான். கவுன்டர்க்காரி கருவியைத் தன் கணினியில் செருகி, ஒரு சின்னச் சீட்டை அச்செடுத்து அட்டையின் மேல் வைத்தாள். அணில் அண்ணாவின் கேள்விகளுக்கு அத்தான் வாங்கிய மதிப்பெண். பத்துக்கு நான்கு.