புள்ளி விழாத நாக்கு

பரவாயில்லை என்று சொல்லும்போதெல்லாம் சொன்னவர் நாக்கில் ஒரு கறுப்புப் புள்ளி விழுகிறது. கடுகில் கால்வாசி இருக்கும், அழியாது. பெரும்பாலான தொழில்களில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பம்பு செய்கிறவர், பாலம் கட்டுகிறவர், பல் பிடுங்குகிறவர் எல்லோரும் புள்ளிகளோடுதான் வேலை பார்க்கிறார்கள். விமானத்துக்குப் பாகங்கள் செய்கிற இடத்தில் மட்டும் தரத் தணிக்கையாளரின் நாக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது விதி. ஓசூரில் அப்படி ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுப்பது என் வேலை.

எங்கள் பழைய தணிக்கையாளர் மார்ச் மாதத்தில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். பேத்தி சட்டையில் பால் கக்கியிருக்கிறாள். வாய் தவறி வந்துவிட்டது. மறுநாள் காலையில் அவராகவே என் அறைக்கு வந்து நாக்கை நீட்டிக் காட்டி, அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார். செப்டம்பர் கடைசியில் சான்றிதழ் புதுப்பிக்கும் குழு வரும். அதற்குள் சுத்தமான நாக்கு ஒன்று எங்களிடம் இல்லையென்றால் சான்றிதழ் போகும், முந்நூற்று நாற்பது பேருக்கு வேலை போகும். பிளான்ட் மேனேஜர் குமரகுரு இதைத் தினமும் காலையில் என்னிடம் சொன்னார். அவர் குட்மார்னிங் சொல்வதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது.

ஒரு டார்ச், பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஆகியவற்றை வைத்துக்கொண்டு நேர்முகத் தேர்வு நடத்தினேன். திருச்சியிலிருந்து வந்தவருக்கு இருபத்திரண்டு வருட அனுபவம், நாக்கு எள்ளுருண்டையாக இருந்தது. இன்னொருவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார். புள்ளிகள் அடியிலிருந்து மறுபடி எழும்பி வருவதை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். கண்டிப்புக்குப் பேர்போன ஒரு கணக்கு வாத்தியாருக்கு மூன்றே மூன்று புள்ளிகள் இருந்தன, மூன்றும் சொந்த மகனுக்காக. பிறவியிலேயே பேச முடியாத ஒருவரைப் பெரிய நம்பிக்கையோடு வரவழைத்தேன். அவர் கையசைத்துச் சொல்லியிருந்தார், உள்ளங்கையெல்லாம் புள்ளி. கல்யாணமானவர்களை நான் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். ஜூலை முடிவதற்குள் நூற்றுப் பத்தொன்பது வாய்களுக்குள் பார்த்திருந்தேன். வீட்டில் சோற்றைப் பிசைந்தால் சாப்பிட முடியவில்லை.

ஆகஸ்ட் நான்காம் தேதி ராணிப்பேட்டையிலிருந்து பொற்கொடி வந்தார். நாற்பத்து நான்கு வயது. ஒரு வார்ப்படக் கம்பெனியின் அளவை அறையில் தனியாக வேலை பார்த்தவர். தணிக்கைத் தேர்வுகள் அனைத்திலும் தேறியிருந்தார். நாக்கை நீட்டச் சொன்னேன். மேலே, கீழே, ஓரம், அடிநாக்கு என்று இரண்டு முறை பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. எப்படி என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு, அதைக் கேட்டேன்.

“அதைச் சொல்ற மாதிரி எதுவும் அமையல சார்,” என்றார். “எங்கிட்ட யாரும் மன்னிச்சுக்கோன்னு கேட்டதில்ல. சாப்பாடு எப்படி இருக்குன்னும் கேட்டதில்ல.”

ரத்த வகையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

வேலை உத்தரவைக் கையெழுத்திட்டுக் கொடுத்து அனுப்பிய பிறகுதான் அவருடைய கோப்பை முழுதாகப் புரட்டினேன். சேர்க்கக்கூடிய காகிதம் எல்லாவற்றையும் சேர்த்திருந்தார். அதில் ராணிப்பேட்டை பம்புக் கம்பெனி ஒன்று இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அனுப்பிய நேர்முகத் தேர்வு அழைப்பு இருந்தது. அடியில், உதவியாளர் என்ற இடத்தில், என் கையெழுத்து.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அந்தத் தேர்வில் முதலாவதாக வந்தவர் கே. பொற்கொடி. நான் உத்தரவை கே. பொற்செல்வி என்று தட்டச்சு செய்து அனுப்பிவிட்டேன், டீ வந்திருந்தது. சாயங்காலம் தவறு தெரிந்தது. தபால் போய்விட்டதே, பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டில் மத்தியானம்வரை வெயிலில் நின்றாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன், இறங்கிப் போகவில்லை. வாட்ச்மேன் ஏதோ சொல்லி அனுப்பினான். போகும்போது அப்பா முன்னால் நடந்தார், திரும்பியே பார்க்கவில்லை.

பொற்கொடி எங்களிடம் வேலையில் சேர்ந்த அன்று குமரகுரு சுற்றறிக்கை விட்டார். பொற்கொடி மேடத்திடம் யாரும் எந்தக் காரணத்துக்காகவும் மன்னிப்புக் கேட்கக் கூடாது. இடித்துவிட்டால் பேசாமல் போய்விட வேண்டும். தாமதமாக வந்தால் தாமதமாக வந்ததாகவே இருக்க வேண்டும். கேன்டீனில் அவருக்குப் பரிமாறுகிறவர்கள் குழம்பைப் பற்றி விசாரிக்கக் கூடாது. தமிழிலும் இந்தியிலும் எழுதி எல்லா நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினோம். வரைவு எழுதியது நான்தான்.

எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். ஒருநாள் ஒரு ஃபோர்க்லிஃப்ட்காரர் மேடத்தின் காலில் சக்கரத்தை ஏற்றிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஓட்டிப் போனார். பொற்கொடி நொண்டிக்கொண்டே வந்து அன்றைய இருநூறு பாகங்களையும் பார்த்து, தேறாத பதினொன்றுக்குச் சிவப்பு அட்டை கட்டினார். மத்தியானம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். எதிர் மேசையில் உட்கார்ந்து நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இத்தனை காலம் உலகம் என்ன செய்ததோ அதையே நாங்கள் முத்திரை குத்தி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தோம். என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டும், அவர் வாயால் வேண்டும். அது வந்தால் தொழிற்சாலை மூடப்படும் என்பதும் தெரியும்.

குழு வருவதற்கு மூன்று நாள் முன்பு, காலை பதினோரு மணிக்கு அவர் அறைக்குப் போனேன். முந்நூற்று நாற்பது பேரைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும் என்பார்கள், வாஸ்தவம்தான். பெயரை மாற்றி அடித்தது, டீ, ஜன்னல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

“தெரியும் சார்,” என்றார் பொற்கொடி. “ஆர்டர்ல போட்ட கையெழுத்தும் அதேதான.”

அவர் வாய் திறந்தே இருந்தது. நான் காத்திருந்தேன். வெளியே கம்ப்ரசர் ஒருமுறை ஓடி நின்றது. அவர் மேசை டிராயரைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“நீங்க எந்த பேட்ச்?”

ஒரு பாகம் தேறவில்லையென்றால் அதே அச்சில் அதே நாளில் செய்த மற்ற பாகங்களையும் எங்கிருந்தாலும் திரும்ப வரவழைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். பேட்ச் முழுவதையும் நம்ப முடியாது அல்லவா. தணிக்கையாளர் கேட்டதற்கு மட்டும், கூட்டாமல் குறைக்காமல் பதில் சொல்ல வேண்டும் என்று புதிதாகச் சேருபவர்களுக்கு நானே வகுப்பு எடுப்பவன். தொண்ணூற்றாறாம் வருடம், வேலூர்ப் பக்கத்துப் பாலிடெக்னிக், மெக்கானிக்கல், பி செக்ஷன், அறுபது பேர் என்றேன். எழுதிக்கொண்டார். சிவப்பு அட்டை ஒன்றை என் சட்டைப் பொத்தானில் கட்டினார். அவர் விரல்கள் என் மேல் படாதபடி கவனமாகக் கட்டினார்.

ஸ்டோருக்குப் பின்னால், நிராகரித்த பாகங்களைப் பூட்டி வைக்கும் கம்பிவலைக் கூண்டு இருக்கிறது. ஸ்டோர்கீப்பர் பொன்னுரங்கம் அட்டையைப் படித்துப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, இரண்டு பெட்டிகளை நகர்த்தி எனக்கு இடம் செய்தார். எத்தனை நாள் என்று கேட்டேன். “மேடம் முடிவு பண்ணணும் சார். சிலது இங்கயே கெடக்கும்,” என்றார். சொன்ன நாளில் குழு வந்தது. நாக்கைப் பார்த்தது, சான்றிதழைப் புதுப்பித்துக் கொடுத்தது. குமரகுரு வலைக்கு வெளியே நின்று எனக்கு நன்றி சொன்னார். குட்மார்னிங்கும் சொன்னார்.

என் பேட்ச்காரர்கள் அடுத்த திங்கள்கிழமையிலிருந்து வர ஆரம்பித்தார்கள். ஆவடியிலிருந்து இருவர், மஸ்கட்டிலிருந்து ஒருவர், ஒரு கவுன்சிலர். எல்லோரும் தங்களை வரவழைத்த கடிதத்தைக் காட்டி, அட்டை கட்டிக்கொண்டு, உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். முடி கொட்டியவர்களை ரோல் நம்பர் சொல்லித்தான் அடையாளம் கண்டோம். என்ன குறை என்று சிலர் கேட்டார்கள். அட்டையில் காரணம் என்ற இடத்தில் எல்லோருக்கும் ‘ஒரே பேட்ச்’ என்றுதான் எழுதியிருந்தது. யாரிடமும் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வியாழக்கிழமைக்குள் ஐம்பத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டோம்.

அறுபதாவது சபாபதி. கடைசி வருடத்தில் எனக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியவன், யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதவன். அவன் போய் நான்கு வருடமாகிறதாம், எனக்கு யாரும் சொல்லவில்லை. அவனுடைய பெண் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து, துணிப்பையிலிருந்து சட்டம் போட்ட படத்தை எடுத்துக் கொடுத்தாள். பொன்னுரங்கம் மாலையைக் கழற்றி அவளிடமே திருப்பித் தந்துவிட்டு, படத்தின் கொக்கியில் சிவப்பு அட்டையைக் கட்டி, ரசீது எழுதினார். அப்பாவுக்குக் காற்று வேண்டும், ஜன்னல் பக்கமாக வையுங்கள் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். கூண்டில் ஜன்னல் இல்லாததால் என் மேல் சாய்த்து வைத்தார்கள்.