மண்டபத்தில் கூடியவர்கள்

விடிகிற நேரத்திலேயே காளை சுற்றத் தொடங்கிவிட்டது. அதன் பின்னால் கல் உருளை சுண்ணாம்பையும் மணலையும் நறநறவென்று அரைத்தது. செல்லம்மாள் கலவைக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மூங்கில் சாரத்தில் ஏறினாள். சுண்ணாம்பு அரித்த அவள் விரல் இடுக்குகளில் ரத்தம் கசிந்ததை, உடன் வேலை செய்யும் மீனம்பாள்தான் பார்த்தாள். செல்லம்மாளுக்கு எரியவில்லை. புருஷன் இளையபெருமாள் செத்ததிலிருந்து எதுவுமே உறைக்கவில்லை.

கடைத்தெருவில் எண்ணெய்க் கடை மாடியில் வாடகைக்கு இருந்த பஞ்சாயத்துக்குச் சொந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. தெருவிளக்கு, குடிதண்ணீர், சந்தை எல்லாம் இனி இந்த மண்டபத்தில்தான் பேசப்படும். கோட்டை கட்டின ராஜா யாரும் இல்லாமல் செஞ்சியில் எழும்பும் முதல் பெரிய கட்டடம் என்பார் கொத்தனார் தாண்டவராயன். அதன் மேல்விளிம்பைப் பூசும்போதுதான் சாரக்கயிறு அறுந்து இளையபெருமாள் கருங்கல் குவியலில் விழுந்தான். கயிறு இற்றுப்போச்சு என்று முந்தின நாளே சொல்லியிருந்தான்.

காரியம் முடிந்த மறுநாளே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருந்தபோதும் இப்படித்தான், எதுவும் உறைக்காமல் இருந்தது.

காண்ட்ராக்டர் ராஜாராம் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"அந்த மூலை பூச்சு அப்டியே கெடக்குது. இன்னாய்யா வேடிக்கை? ஏறுங்க!"

"கயிறு மாத்தணுங்க," என்றார் தாண்டவராயன்.

"அவன் குடிச்சிட்டு வுழுந்தான். கயிறு இன்னா பண்ணும்?"

செல்லம்மாள் இறங்கி வந்து கூடையைக் கீழே வைத்தாள். கோபம் வரவில்லை; குரல் மட்டும் வந்தது.

"அன்னிக்கு அவுரு குடிச்சது நான் ஊத்துன கூழுதாங்க."

"வாய் நீளுதா? பக்கத்து அனந்தபுரத்துலேர்ந்து ஒரு லாரி ஆளு எறக்கிடுவேன்."

"எறக்குங்க. அவங்களுக்கும் இதே கயிறுதான?"

மீனம்பாள் தன் கூடையையும் இறக்கினாள். சாரத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரோ காளையை அவிழ்த்துவிட, உருளை நின்றது.

"இப்ப இன்னாக்கா பண்றது?" என்றாள் மீனம்பாள்.

செல்லம்மாளுக்குத் தெரியவில்லை. கதவு வைக்காத மண்டபத்துக்குள் போய், பஞ்சாயத்துத் தலைவருக்கென்று கட்டிய மேடைக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தாள். எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள்.

"மெம்பருங்க கூடுற எடம்டா இது! எந்திரிங்க!" என்று கத்தினார் ராஜாராம்.

"நாங்களும் கூடித்தான் இருக்கோம்," என்றார் தாண்டவராயன். "தலைவரு வரட்டும். புதுக் கயிறு வேணும், செத்தவனுக்கு நட்டஈடு வேணும். இங்கயே பேசிக்கலாம்."

ராஜாராம் வண்டியை முறுக்கிக்கொண்டு போனார். தலைவர் வரவில்லை. உச்சிவெயிலில் லாரிதான் வந்தது. அனந்தபுரத்து ஆட்கள் வாசலில் தயங்கி நின்றார்கள். தாண்டவராயன் நடந்ததைச் சொன்னார்.

செல்லம்மாள் சுவரோரமாக நகர்ந்தாள்.

"உள்ள வாங்க. எடம் இருக்குது."

வந்தவர்களில் ஒருத்தி தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து உதறினாள். வாசல் நிலையைத் தாண்டி வந்து செல்லம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும்.