பாதி வழிப் பாய்

பரமசிவத்துக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு எதிரி வாய்த்தான். அந்த வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வரும், ரத்தக் கொதிப்பு வரும். கல்கத்தாவில் தினமும் காலை ஐந்தரைக்கு லேக்கைச் சுற்றி ஓடுகிற உடம்பை அதெல்லாம் அண்டவில்லை. சிவராஜ்தான் வந்தான்.

தப்பு முழுக்க சிவராஜ் மேல் என்று சொல்லிவிட முடியாது. ஆறு வருடத்துக்கு முன்னால், இன்சூரன்ஸ் கம்பெனி மேனேஜரான அவன் தொப்பையும் புது ஷூவுமாக லேக் ஓட்டக்காரர்கள் சங்கத்தில் சேர வந்த முதல் நாள், பரமசிவம் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்களுக்கு வாக்கிங் போதும் சார்” என்றார். பத்துப் பேர் முன்னால் சொன்னார். நல்லது சொன்னதாகத்தான் அவருடைய நினைப்பு. சிவராஜ் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஓடினான், தொப்பையைக் கரைத்தான், மூன்றாவது வருடம் பரமசிவத்தையும் தாண்டிப் போனான். ஆனால் அந்தப் பேச்சை அவன் மறக்கவில்லை. அதற்குத் தோதாகப் போன வருடம் டிசம்பர் வந்து சேர்ந்தது.

டிசம்பரில் ரெட் ரோட்டில் நடந்த இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்தில் பரமசிவம் முதன்முறையாக இரண்டு மணி நேரத்துக்குள் வந்தார். அவருடைய கைக்கடிகாரத்தில் ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம் நாற்பது விநாடி. இது ஒன்றும் பெரிய சாதனை இல்லைதான். இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் பேசிக்கொண்டே ஓடிவிடுவார்கள். ஆனால் பரமசிவத்துக்கு இதற்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. நடுவில் ஒரு வருடம் குதிகால் வலியில் மாடிப்படியைப் பக்கவாட்டில் இறங்கினார். மழைக்காலம் முழுக்க சதர்ன் அவென்யூவின் முழங்கால் தண்ணீரில் ஓடி ஷூவைக் காயவைக்க இடமில்லாமல் ஃபிரிட்ஜின் பின்னால் வைத்தார். துர்கா பூஜை மாதம் வந்தால் தெருவுக்குத் தெரு பந்தலுக்கு மூங்கில் நட்டுவிடுவார்கள், ஓட இடம் இருக்காது. அப்போதும் விடாமல் பாலிகஞ்ச் சந்துகளில் நாய்களுக்குப் பயந்து ஓடினார். அப்படிச் சம்பாதித்த ஐம்பத்தெட்டு நாற்பது அது.

சாயந்திரம் ரிசல்ட் வந்தது. அவருடைய பெயருக்கு நேரே நேரம் இல்லை, ஒரு கோடுதான் இருந்தது.

ஓடுகிறவர்கள் மார்பில் குத்திக்கொள்ளும் நம்பர் அட்டையின் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டியிருக்கும். அதற்குள் சிப். ரோட்டில் விரித்த ரப்பர் பாயைத் தாண்டும்போது பாய் அந்தச் சிப்பைப் படித்துக்கொள்ளும். தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டிரண்டு பாய் போடுவார்கள், ஒன்று விட்டாலும் மற்றது பிடித்துவிடும். கிடர்பூர் பக்கம், பாதி வழியில், ஒரே பாய்தான். அந்தப் பாயில் பரமசிவம் பதிவாகவில்லை. பாதி வழியைத் தொடாமல் முடிவுக்கு வந்தவன் நடுவில் குறுக்கே போனவன் என்பது ஓட்டக்காரர்களின் சட்டம். ஓட்டம் நடத்தியவர்களுக்கு மூன்று மெயில் போட்டார், நேரிலும் போனார். பாய் உங்களைப் பார்க்கவில்லை சார் என்று ஒரே பதில்தான்.

ரிசல்ட் வந்த அன்றைக்கே சிவராஜ் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் ஓட்டப் பாதையின் வரைபடத்தைப் போட்டான். அதில் மைதானத்தின் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு இழுத்து, ‘காற்றோட்டமான பாதை, பெரியவர்களுக்கு உகந்தது’ என்று எழுதியிருந்தான். நூற்று நாற்பது பேர் உள்ள குழுவில் நாற்பத்திரண்டு பேர் சிரித்தார்கள். திங்கட்கிழமை காலை அவர் லேக்குக்குள் நுழைந்தபோது அவருக்கு ‘ஷார்ட்கட் தாதா’, அதாவது குறுக்குவழி அண்ணன், என்று பெயர் விழுந்திருந்தது. கேட் பக்கத்து டீக்கடைக்காரன் வரைக்கும் அதைச் சொல்லியே கிளாஸை நீட்டினான்.

இதையெல்லாம் பரமசிவம் ஒரு மாதிரி தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது வீட்டில் நடந்தது. அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே மனைவி பத்மஜா கேட்டாள்.

“ஏங்க, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. அவசரத்துல எங்கயாச்சும் குறுக்கால திரும்பிட்டீங்களா?”

“இல்ல.”

“இல்ல, தெரியாமக்கூட நடந்திருக்கலாம் இல்லையா?”

“நான் முழுசும் ஓடினேன் பத்மா.”

“சரி சரி, கேட்டேன், அவ்வளவுதான்” என்றாள். அந்த ‘சரி சரி’யில் நம்பிக்கை இல்லை என்பது கல்யாணமாகி இருபத்தாறு வருடமான மனிதனுக்குத் தெரியாதா? பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஓட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஒரு வழக்கம் மட்டும் நிற்கவில்லை. பந்தயத்துக்கு முந்தின நாள் பனியனில் நம்பர் அட்டையைக் குத்திக் கொடுப்பது பத்மஜாதான். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஊக்கு பிடிபடாது. கண்ணாடியோடு குத்தினாலும் அட்டை கோணும். நான்கு மூலைக்கு நான்கு ஊக்கு. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்து, தமிழைவிட வங்காளம் சரளமாகப் பேசும் அவளுக்குக் கணவனின் ஓட்டத்தில் இருந்த பங்கு அந்த நான்கு ஊக்குதான். இந்த டிசம்பரிலும் குத்திக் கொடுத்தாள்.

இந்த வருடம் நிலைமை இன்னும் மோசம். பந்தயத்தில் பேஸர் என்று சிலரை நியமிப்பார்கள். முதுகில் நேரம் எழுதிய கொடியைக் கட்டிக்கொண்டு அவர்கள் ஒரே சீராக ஓடி, சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டும். அவர்களை ஒட்டி ஓடினால் நாமும் அந்த நேரத்துக்குப் போய்விடலாம். இரண்டு மணி நேரக் கொடியை சிவராஜிடம் கொடுத்திருந்தார்கள்.

பரமசிவம் முடிவு செய்துவிட்டார். அந்தக் கொடிக்குப் பின்னால் ஒரு அடிகூட ஓடுவதில்லை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை அவனுக்கு முன்னால் ஓட வேண்டும், எல்லாப் பாயிலும் பதிவாக வேண்டும், சாயந்திரம் பட்டியலில் தன் பெயருக்கு நேரே இரண்டு மணிக்குக் குறைந்த ஒரு நேரம் இருக்க வேண்டும். போன வருடம் ஓடியது பொய்யில்லை என்று காட்ட அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

தொடக்கக் கோட்டில் சிவராஜே தேடி வந்தான்.

“பரமசிவம் சார், நம்ம கூட வந்துடுங்க. பத்திரமா கூட்டிட்டுப் போறேன். வழி தெரியாம போயிடப் போறீங்க.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பரமசிவம் ஷூ லேஸைக் குனிந்து கட்டிக்கொண்டார். பதில் சொன்னால் மூச்சு வீணாகும்.

புகைமூட்டம் மைதானத்தின் மேல் தாழ்வாகக் கிடந்தது. ரோட்டோரம் குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக ஜனங்கள் நின்று கை தட்டினார்கள். முதல் ஐந்து கிலோமீட்டர் அவருக்குத் தன் காலின் கனமே தெரியவில்லை. அப்படி ஓட்டம் அமைவது வருடத்துக்கு இரண்டு நாள்தான். விக்டோரியா மெமோரியலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தார். கொடி ரொம்பப் பின்னால் இருந்தது. உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. அதில் பாதிக்கு மேல் பகைதான் என்பதையும் அவர் உணராமல் இல்லை.

பாதி வழிக்கு ஐம்பத்தெட்டு நிமிடம் ஐம்பது விநாடியில் வந்தார். பாயைத் தாண்டியவுடன் பெரிய திரை ஒன்று வைத்திருந்தார்கள், தாண்டுகிறவர் பெயர் அதில் ஓடும். அந்த ஒரு விஷயத்துக்காக ஒரு வருடம் காத்திருந்தவர். முன்னால் போன பெண்ணின் பெயர் வந்தது. பின்னால் வந்தவர் பெயர் வந்தது. நடுவில் அவருடைய பெயர் இல்லை.

நின்றுவிட்டார். பந்தயத்தில் ஓட்டக்காரன் செய்யக் கூடாதது அதுதான். பின்னால் வந்த இரண்டு பேர் அவர் மேல் இடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி, வருகிற கூட்டத்துக்கு எதிராக ஓரமாகவே நடந்து, பாயைத் தாண்டி மறுபடி வந்தார். அப்போதும் பெயர் வரவில்லை. பாய்க்குப் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் ஓடி வந்து அவருடைய அட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

“காக்கு, பேச்சனே கீ ஆச்சே?” என்றாள். அங்கிள், பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

ஸ்பாஞ்சுப் பட்டையின் மேலேயே, செல்லோடேப் போட்டு, ஒரு சின்னப் பொட்டலம் ஒட்டியிருந்தது. சமையலறை ஃபாயில் பேப்பரில் மடித்த விபூதி. முருகன் கோயில் விபூதி, வேர்வையில் கரையக் கூடாதென்று ஃபாயிலில் சுற்றியது. சொன்னால் வேண்டாம் என்பார் என்று அவருக்குத் தெரியாமல் பத்மஜா வைத்தது. இரண்டு பாய் இருந்தால் ஒன்றாவது பிடித்திருக்கும்; பட்டையின் மேல் ஃபாயில் இருந்தால் ஒற்றைப் பாய்க்குச் சிப் எப்படித் தெரியும்? அந்தப் பெண் டேப்பைப் பிய்த்துப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள். மூன்றாவது முறை பாயைத் தாண்டினார். திரையில் பரமசிவம் என்று வந்தது.

அதற்குள் ஒரு நிமிடம் போயிருந்தது. கொடி அவரைத் தாண்டிக்கொண்டிருந்தது.

“என்ன சார், பின்னாடி போறீங்க?” சிவராஜ் ஓட்டத்தை நிறுத்தாமலே கேட்டான். “இந்த வருஷம் புது ரூட்டா?”

பொட்டலத்தைச் சாவி வைக்கும் குட்டிப் பையில் திணித்துக்கொண்டு பரமசிவம் துரத்தினார். ஏழு கிலோமீட்டர் அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டே ஓடினார். சத்தியம் செய்ததெல்லாம் போயிற்று. அவர் மண்டைக்குள் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. போன வருடமும் இதே பொட்டலம்தான். கோடு வந்தது இவளால். அப்புறம் ரசத்தை ஊற்றிக்கொண்டே குறுக்கால போனீங்களா என்று கேட்டவளும் இவள்தான். அந்தக் கோபத்தில் வேகம் கூடியது. கூடிய வேகம் பதினெட்டாவது கிலோமீட்டரில் காலை வாரியது. இடது கெண்டைக்கால் இறுகி உருண்டது. தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக் காலை நீட்டி, நொண்டி, மறுபடி ஓடினார். ரெட் ரோட்டின் கடைசி நேர்க்கோட்டில் கொடி சின்னதாகிக்கொண்டே போனது.

இரண்டு மணி இருபத்து மூன்று விநாடி.

முடிவுக் கோட்டுக்கு அப்பால் பத்மஜா ஃபிளாஸ்கோடு நின்றாள். எப்போதும் போல நாலைந்து பேப்பர் கப் கூடுதலாகக் கொண்டுவந்திருந்தாள். சிவராஜ் கொடியோடு போட்டோ எடுத்து முடித்துவிட்டுக் கூட்டத்தோடு அங்கே வந்தான். அவளிடமே ஒரு கப் டீயை வாங்கிக்கொண்டான்.

“ரெண்டு மணி இருபத்து மூணு செகண்ட். பார்த்தேன் சார்” என்றான். “எல்லாப் பாயும் தொட்டா இவ்வளவு ஆகும். போன வருஷத்து ஐம்பத்தெட்டு எப்படி வந்துச்சுன்னு இப்பப் புரியுது.”

யாரோ ‘ஷார்ட்கட் தாதா’ என்று மெதுவாகச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பரமசிவத்தின் கை பையிலிருந்த பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டது. வெளியே எடுத்துக் காட்டினால் போதும், ஒரு வருடத்துக் கதை அங்கேயே முடியும். ஆனால் நாளைக் காலையில் லேக்கில் சிரிப்புக்கு வேறு ஆள் கிடைத்துவிடும். பத்மஜா குனிந்து யாருக்கோ டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் மேல் கொள்ளைக் கோபம் இருந்தது. இருந்தாலும் அவளைத் தூக்கி இவன் வாயில் போட மனசு வரவில்லை. வெறும் கையை வெளியே எடுத்தார்.

வீட்டுக்குப் போகும் டாக்ஸி எல்ஜின் ரோட்டைத் தாண்டியது. அப்புறம் பத்மஜாதான் ஆரம்பித்தாள்.

“ஏங்க, அந்தாளு சொல்றது… போன வருஷம் நிஜமாவே கொஞ்சம் குறுக்கால…”

பரமசிவம் பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் போட்டார். அவள் அதைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டாள். முகம் மாறியது.

“இதை எதுக்குக் கழட்டினீங்க? அதான் லேட்டாயிடுச்சு. போன வருஷம் கடைசி வரைக்கும் இருந்துச்சு, ரெண்டு மணிக்குள்ள வந்தீங்க.”

“ஆமா. வந்தேன்” என்றார். “இது சிப்பு மேல இருந்ததால பாதி வழியில பாய்க்கு நான் தெரியல. இதனாலதான் ஒரு வருஷமா திருடன்னு பேர்.”

பத்மஜாவுக்குப் புரிய ஹாஸ்ரா சந்திப்பு வரைக்கும் ஆயிற்று. புரிந்ததும் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கிச் சங்கத்தின் குழுவைத் திறந்து, குரல் பதிவுப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வங்காளத்தில் பொரிந்து தள்ளினாள். நான் பத்மஜா பேசுகிறேன். போன வருடம் சிப்பின் மேல் விபூதியை ஒட்டினது நான். என் வீட்டுக்காரர் ஒரு அடிகூடக் குறுக்கே போகவில்லை. அவரைத் திருடன் என்றவர்கள் வாயைக் கழுவிக்கொள்ளட்டும். முழுசாக ஒன்றரை நிமிடம். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

அனுப்பிவிட்டுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ராஷ்பிஹாரி சிக்னலில் வண்டி நின்றபோது பதில் வந்தது. சிவராஜ்தான். சிரிக்கிற முகம் மூன்று. கீழே, வங்காளிகள் அண்ணியைக் கூப்பிடுகிற மாதிரி, ‘பௌதி, கதை பிரமாதம். அடுத்த வருஷம் எனக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுங்க.’ அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்துகொண்டே இருந்தன. ஒருத்தரும் வேறு ஒன்றும் எழுதவில்லை.

பத்மஜா நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

“நான் நிஜத்தைத்தானே சொன்னேன்? ஏன் யாருமே நம்ப மாட்டேங்கிறாங்க?”

“ரசம் ஊத்தினப்போ நானும் நிஜத்தைத்தான் சொன்னேன்” என்றார் பரமசிவம்.

அவள் போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். ஏதாவது செய்ய வேண்டுமே என்பதுபோல, அவர் மார்பிலிருந்த நம்பர் அட்டையின் ஊக்குகளைக் கழற்ற ஆரம்பித்தாள். இரண்டு கழற்றியிருப்பாள். அவர் அவளுடைய கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்துவிட்டு, கண்ணாடி இல்லாமல், விரலில் குத்திக்கொண்டே மீதி இரண்டையும் தானே கழற்றினார்.